ராஜாவுக்கு இலை போட்ட தவசுப்பிள்ளை

சரித்திரத்தில் கவிழ்ந்த சாம்ராஜ்யங்கள் அத்தனையும் சமையல் சரியில்லாமல்தான் கவிழ்ந்தன என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெருத் தவசுப்பிள்ளை. கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

போன கிறிஸ்துமஸ் லீவில், எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு ராஜா ராணித் தொடரை அவரோடு உட்கார்ந்து பார்க்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது. தொடரில் வரும் அரண்மனையை இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில்தான் போட்டிருந்தார்கள். அதில் வரும் விருந்தைச் சமைத்து, தன் கையால் இலை போட்டுப் பரிமாறியவர் நம் ஆள். "நம்ம எலை உலகம் பூரா தெரியப் போவுது வேய்" என்று ஒரு வருஷமாகத் தெருவில் ஒருவரையும் அவர் நிம்மதியாக விடவில்லை. அவர் வீட்டு டிவி சின்னது. என் வீட்டிலோ, லீவுக்கு வந்த மகள் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாள். வினை அப்படித்தான் சுவரேறியது.

தொடரின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ராஜாவுக்கு நடிப்பு வரவில்லை, அவருடைய குதிரைக்கு வந்தது. மந்திரி பேசி முடித்த பிறகும் அவர் தாடி பேசிக்கொண்டிருந்தது. ராணி தூங்கி எழும்போதே உதட்டுச் சாயத்தோடு எழுந்தாள். ராஜா பெரிய வீரர் என்பதற்கு அத்தாட்சியாக அவர் இடது கன்னத்தில் ஒரு வடு வரைந்திருந்தார்கள். வெயில் காட்சிகளில் அது உருகித் தாடைக்கு இறங்கியது.

இதெல்லாம் தவசுப்பிள்ளையின் கண்ணில் படவே இல்லை. முதல் பகுதியில் படை புறப்பட்டதுமே கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்தும் வேய்! பத்தாயிரம் பேரு போறான். பொறத்தால ஒரு அரிசி வண்டி உண்டா? ஒரு அண்டா உண்டா?"

"அண்ணாச்சி, இது போர்லா."

"போருக்குப் போனா வயிறு பசிக்காதா? இவனுவ சண்டையில சாவ மாட்டானுவ, பட்டினியிலதான் சாவானுவ."

மூன்றாம் பகுதியில் அரண்மனை அடுக்களை வந்தது. கூடை நிறையத் தக்காளி.

"சவத்துப் பயக்க! அந்தக் காலத்துல தக்காளி ஏது? புளி செத்தா போச்சு?" என்று எழுந்து டிவிக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜாவின் தம்பியை யாரோ குத்திக் கொன்றார்கள். கொன்றது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த மனிதரின் வாய் ஒரு பத்து நிமிஷம் மூடிக் கிடக்காதா என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் மனைவி மட்டும் காப்பி கொடுத்து அவரை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அவருடைய இலைப் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு அது மதம். ஒரு கல்யாணத்தில் யாரோ அவசரத்தில் ஒரு வரிசை இலையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். உட்கார்ந்த பந்தியை எழுப்பி, மாப்பிள்ளையின் தகப்பனாரையே கையைப் பிடித்துத் தூக்கி, அத்தனை இலையையும் மாற்றிப் போட்ட பிறகுதான் சோறு வந்தது. அந்தத் தகப்பனார் எங்கள் தெரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அன்று எழுந்தவர் மனதளவில் இன்னும் உட்காரவில்லை.

நாலாம் நாள் ஏழாம் பகுதி. விருந்து அதில்தான் என்று தவசுப்பிள்ளை தெருவையே கூட்டி வந்து என் வீட்டு ஹாலில் நிரப்பிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் முன்வரிசை.

"எல்லாரும் எலையப் பாருங்க! ராஜா மூஞ்சியப் பாக்காதீங்க!"

பார்த்தோம். அவியல் தெரிந்தது, எரிசேரி தெரிந்தது, பப்படம் தெரிந்தது. இலையின் நுனி ராஜாவின் வலக்கைப் பக்கம் கிடந்தது.

"என்னவே தவசுப்பிள்ள, நுனி அந்தப் பக்கம்லா கெடக்கு!" என்றார் போஸ்ட்மாஸ்டர். "என்னையத் தூக்கி எழுப்புன கையி, இந்த ராஜாவ எழுப்பல்லியா?"

ஹால் சிரித்தது. உள்ளதைச் சொல்கிறேன், முதலில் சிரித்தவன் நான்தான். நாலு நாள் கடுப்பு.

தவசுப்பிள்ளை கத்தவில்லை. "நான் அப்படிப் போடல்ல மக்கா" என்றார் மெல்ல. "என் கையாலயாக்கும் போட்டேன். நான் அப்படிப் போடல்ல." தோர்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இந்த வாய் மூடாதா என்று நாலு நாளாக வேண்டிய எனக்கே, அது மூடியபோது தாங்கவில்லை.

"இருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினேன். இந்த முறை நான் இலையைப் பார்க்கவில்லை, ராஜாவைப் பார்த்தேன்.

"ஏட்டி மக்கா, இவன் பீச்சாங்கையாலயா தின்னுகான்?"

மகள் எட்டிப் பார்த்தாள். "ஆமாப்பா. வடுவும் வலது கன்னத்துக்குப் போயிட்டு. படத்தையே எடவலமாத் திருப்பிப் போட்டிருக்கானுவ. கண்ணாடியில தெரியும்லா, அது மாதிரி."

என் மனைவி உள்ளே போய், அவள் பொட்டு வைக்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, டிவிக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு என்னை நிற்கச் சொன்னாள். தெரு முழுக்க டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தது. ராஜா வலக்கையால் உருட்டிக்கொண்டிருந்தார். நுனி அவருடைய இடக்கைப் பக்கம் அழகாகக் கிடந்தது.

போஸ்ட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். "செரியாத்தான்வே கெடக்கு" என்றார்.

தவசுப்பிள்ளை கிட்ட வந்து நின்றார். தோர்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பப்படத்தக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்."

அந்தத் தொடரின் அடுத்த பாகம் இந்த லீவில் வந்திருக்கிறது. முதல் பாகத்தைவிடக் கேவலம் என்று சொல்கிறார்கள். தவசுப்பிள்ளை முழங்கால் வலியோடு கீரிப்பாறையில் மகள் வீட்டில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார். பிடித்துக் கை வலித்து அன்றே டிவிக்கு எதிரே நான் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி அங்கேயே இருக்கிறது. என் மனைவி ஹாலுக்கு வந்துதான் பொட்டு வைக்கிறாள். நான் இன்னும் ஒரு பகுதிகூடப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்து அதட்டாமல் எந்த ராஜாவையும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.