அரைப்புள்ளி அக்காவின் எண் கடிதங்கள்

உலகத்திலேயே புருஷனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, அதில் தப்பு இருக்கிறதா என்று டி.வி.யைக் கேட்ட ஒரே பெண்மணி எங்கள் அரைப்புள்ளி அக்காதான்.

எண்பதுகளின் நடுவில், பழவேற்காடு ஏரிக்குள் படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு கிராமத்துத் தபால் நிலையத்தில் நான் குமாஸ்தா. அக்காவின் கணவர் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். ஒரு விடுமுறைக்கு வந்தவர், டி.வி.யோடு இணைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு மாதம் உட்கார்ந்து மனைவிக்கு ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே அவர் அறையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. தெருவில் மற்ற பெண்களுக்கு வெளிநாட்டுச் சேலை வந்தது. இவருக்கு, எழுதியதில் தப்புக் கண்டுபிடித்து ஓட்டிக் காட்டுகிற கம்பைலர் வந்தது.

அந்த மொழியில் வரியை அரைப்புள்ளி வைத்து முடிக்க வேண்டுமாம். அக்காவுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. மளிகைச் சீட்டில் உப்புக்குப் பின்னால் ஒன்று, புளிக்குப் பின்னால் ஒன்று. உறைமேல் விலாசத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று.

“எதுக்குக்கா இது?” என்றால், “போடலேன்னா அங்கியே நின்னுடும் தம்பி” என்பார்.

ஒரு நாள் அவர் கவுண்டரில் பசை தடவிக்கொண்டிருந்த கடிதத்தைப் போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டார். பக்கம் முழுக்க எண்கள். அக்கா படியிறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

“யோவ், இது கடத்தல் சங்கேதம்யா. வெளிநாட்டுக்குப் போவுது. போய் இன்னான்னு விசாரி.”

போனேன். கூடத்தில் மாமியார் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“மாமிக்குப் படிக்கத் தெரியாது. கடுதாசி வந்தா போஸ்ட்மேனை உக்கார வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுவாங்க. தெருவே கேக்கும். அதான் ஒரு பக்கம் ஊருக்கு, ஒரு பக்கம் எனக்கு.”

கணவர் கடிதத்தில், ஊருக்கான பக்கத்தில் நலம், நலமறிய ஆவல். அடுத்த பக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண் போட்ட புரோகிராம். அதை டைப் செய்து ஓட்டினால் திரையில் வாசகம் வரும். இவர் எழுதுவதும் அப்படித்தான்.

“இன்னைக்குப் போட்டத ஓட்டிக் காட்டுங்க” என்றேன், அரசாங்கமே நான்தான் என்ற தோரணையில்.

ஒரு ஃப்ளாப்பியைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். பெட்டி கரகரவென்று அரைத்தது. மாமியார் டீ போட்டு, நான் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. இன்னும் அரைத்தது. பதினான்காம் வரியில் தப்பு என்றது. திருத்தினார். கரண்ட் போயிற்று. வந்ததும் முதலிலிருந்து டைப் செய்தார். மூன்றாவது டீயின்போது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன: ‘மடவை மீன் கொழம்பு வெச்சேன். தொண்டையில எறங்கல. எப்ப வர்றீங்க.’

காது சூடாகி எழுந்து வந்தேன்.

“இன்னாய்யா கடத்துறாங்க? தங்கமா?”

“மீன் கொழம்பு சார்.”

அப்புறம் அக்காவும் நானும் சிநேகமாகிவிட்டோம். ஒரு முறை கேட்டேன்: “எண்ணெல்லாம் மனப்பாடம்தானே? பேப்பர்லியே படிச்சிடலாமே?”

“படிக்கலாம். ஆனா தெரையில ஒண்ணொண்ணா வர்றப்போ மச்சான் பேசுற மாதிரியே இருக்கும். அவரு கொஞ்சம் திக்குவாரு.”

அந்த மழைக்காலத்தில் படகிலேயே தபால் பை நனைந்துவிட்டது. அக்காவுக்கு வந்த கடிதத்தில் கடைசி மூன்று எண்களும் மசியாகக் கரைந்திருந்தன. என் மேஜைமேல் விரித்தார்.

“‘பெருநாளைக்கு வர’ன்ற வரைக்கும் இருக்கு. நடு எண்ணு நூத்தியொண்ணுன்னா ‘e’, வர்றாரு. நூத்தியெட்டுன்னா ‘l’, வரல. உன் கண்ணாடியில பாத்துச் சொல்லு.”

முத்திரை பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மங்கல்தான், ஆனால் எட்டு. நிமிர்ந்தேன். அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நூத்தியொண்ணுக்கா.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

சாயங்காலம் போனபோது திரையில் ‘பெருநாளைக்கு வர்றேன்’ நின்றுகொண்டிருந்தது. அக்கா அணைக்கவே இல்லை. மாமியார்தான் சலித்துக்கொண்டார்: “இன்னாடி, படமே ஓடாத டி.வி.யைப் பாத்துக்கினு கீற?”

நோன்புப் பெருநாளும் வந்தது. டவுனிலிருந்து வந்த ஒவ்வொரு படகையும் அக்காவைவிட அதிகமாக நான் பார்த்தேன். அவர் வரவில்லை.

மறுநாள் அக்கா தூக்குப் பாத்திரத்தில் பிரியாணியோடு தபால் நிலையத்துக்கு வந்தார். எனக்கு மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

“அது எட்டுதான்க்கா. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும். ஒங்கிட்ட கொண்டாரதுக்கு முன்னாடியே ஜன்னல் வெளிச்சத்துல பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன்க்கா என்னைக் கேட்டீங்க?”

“நீ ஒண்ணுன்னு சொன்னா, அவரு அப்படிச் சொல்றத ஒரு தடவ பாத்துக்கலாமேன்னுதான். ஆறிடப் போவுது, சாப்புடு.”

அடுத்த வருடம் அவர் நிஜமாகவே வந்தார். அக்காவை அழைத்துக்கொண்டு போனார். படகு மறையும் வரை போஸ்ட்மாஸ்டரும் நானும் கரையில் நின்றோம்.

அதற்குப் பின் மாற்றலாகும்வரை தபால் பையைச் சாவகாசமாகத்தான் பிரித்தேன். பைக்குள் எனக்குத் தேடிப் பார்க்கக் கடிதம் ஒன்றும் இல்லை.