முள்ளம்பன்றி வளையின் இன்றைய மதிப்பு

ஒரு காட்டில் செல்போன் டவர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஓடைக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்தது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. அதன் மனைவி அமிர்தவல்லி நிறைமாதக் கர்ப்பிணி. மழை பிடித்துக்கொண்டால் ஓடைத் தண்ணீர் வளைக்குள் வந்துவிடும். அதற்கு முன்னால் வளையை விற்றுவிட்டு மேட்டுப்பக்கம் போய்விடலாம் என்று இரண்டும் முடிவு செய்தன.

தரகர் நரி பொன்னுரங்கம் வந்தது. முப்பது வருடத் தொழிலில் அது ஒரு பொய் சொன்னதில்லை. அதனால் சொந்தக்கார நரிகள் அதைக் கல்யாணம் காதுகுத்துக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. வளைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. சுவரை நகத்தால் சுரண்டியது. நகத்தில் ஈரம் ஒட்டியது.

"நானூறு கிழங்கு போகும். கேட்கிற கீரி ஒண்ணு கைவசம் இருக்கு. நாளைக்கே முடிச்சுடலாம்."

சிலும்பன் செல்போனை எடுத்து, 'பொந்துவிலை' என்ற ஆப்பில் தன் வளையைத் தேடியது. 'நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு கிழங்கு' என்று வந்தது. கீழே காரணமும் போட்டிருந்தது: 'நீர்நிலைக்கு மிக அருகில். பக்கத்து வீட்டுக்காரர்: புலி.'

"புலி பக்கத்துல இருக்குன்னுதானே விலையே குறையுது?" என்றது நரி.

"பெரிய ஆளுங்க இருக்கிற ஏரியான்னு ஆப்புக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலை. கமிஷன் பார்க்கத்தானே குறைச்சுச் சொல்றீங்க?"

"ஏங்க, விலை ஏறினா அவருக்குக் கமிஷனும் ஏறுமே" என்றது அமிர்தவல்லி.

"அதுதான் தந்திரம்" என்றது சிலும்பன். அது எப்படித் தந்திரம் ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கீரி நேரிலேயே வந்து நானூற்றைம்பது வரை ஏறிப் பார்த்தது. சிலும்பன் அதன் மூஞ்சிக்கு நேரே போனை நீட்டியது. கீரி வேறு வளை பார்க்கப் போய்விட்டது.

அதற்கப்புறம் சிலும்பனுக்கு வேறு வேலையே ஓடவில்லை. கிழங்கு தோண்டும்போது ஒரு தடவை விலையைப் பார்க்கும். தோண்டிய கிழங்கைத் தின்னும்போது இன்னொரு தடவை பார்க்கும். விலையும் ஏறிக்கொண்டே போனது. 'இந்த வாரம் உங்கள் வளையை இருநூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்திருக்கிறார்கள்' என்று ஆப் சொன்னது.

"பார்த்தியா, எவ்வளவு கிராக்கின்னு!"

"அத்தனையும் நீங்க பார்த்ததுதாங்க."

"ஏன், நான் பார்த்தா கணக்கில்லையா?"

வார முடிவில் மழை கொட்டியது. ஓடை கரை மீறி நேராக வளைக்குள் வந்தது. இரண்டும் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றன. அமிர்தவல்லிக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. சிலும்பன் போனை வயிற்றுக்கடியில் நனையாமல் மறைத்துப் பார்த்தது.

'வாழ்த்துகள்! உங்கள் வளையில் நீச்சல் குளம் சேர்ந்திருக்கிறது. இன்றைய மதிப்பு: ஏழாயிரத்துத் தொண்ணூற்றொன்று.'

ஒரு நிமிடம் அதற்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் மனைவியைப் பார்த்தது. அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏழாயிரத்தை விரிச்சுப் படுக்க முடியுமாங்க?" என்று கேட்ட அமிர்தவல்லி, பதிலுக்குக் காத்திராமல் மேட்டைப் பார்த்து நடந்தது. சிலும்பன் பின்னாலேயே ஓடியது.

மேட்டில் நரியின் ஆபீஸ் இருந்தது. சொட்டு ஈரம் இல்லாத குகை. வாசலில் நரி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மழை விடுற வரைக்கும் ஒதுங்கிக்கலாமா?"

"மழை விட்ட பிறகும் இரு தங்கச்சி. ஆப் வந்ததுலேர்ந்து ஒருத்தரும் என்கிட்ட விலை கேட்கிறதில்லை. கடையை மூடிட்டேன்."

அமிர்தவல்லி குகைக்குள் போய்ப் படுத்தது. சிலும்பன் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டது. "அப்போ சாப்பாட்டுக்கு?"

"அந்த ஆப் கம்பெனியிலேயே சேர்ந்துட்டேன். டவருக்கு அடியில உட்கார்ந்து விலை போடுற வேலை. ஒரே ஒரு விதிதான். கடைசி எண் பூஜ்யமா இருக்கக் கூடாது. அப்பத்தான் நம்புவாங்களாம்."

"அப்போ என்னோட ஏழாயிரம்?"

"காலையில நான் போட்டதுதான். புது வேலை பாரு, கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு."

சிலும்பன் ஏதோ கேட்க வாயெடுத்தது. அதற்குள் உள்ளேயிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. காய்ந்த தரையில், பழைய பத்திரக்கட்டுகளின் மேல், இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன.

நீதி: நேர்மையான தரகரை நம்பாமல் தொழிலை விட்டே விரட்டிவிடுங்கள், மழைக்கு ஒதுங்க அவருடைய ஆபீஸ் காலியாகக் கிடைக்கும்.