பீரோவிலிருந்து ஒரு நேர்காணல்

மனித நாகரிகத்தின் உச்சம் எங்கள் வீட்டு இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. மேல் தட்டில், அப்பாவின் மடித்த சட்டைகளுக்குப் பக்கத்தில், பத்திரமாக. சாவி அப்பாவிடம்.

வைஃபை ரவுட்டரைத்தான் சொல்கிறேன். மாட்ட வந்தவர் அதை ஹாலில்தான் மாட்டிவிட்டுப் போனார். அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் அப்பா மாலையில் வந்து பார்த்தார். "வயசுப் பொண்ணு இருக்கிற வீட்ல இது என்ன, பச்சைப் பச்சையா கண்ணடிச்சுக்கிட்டு?" என்றார். உடனே ரவுட்டர் பீரோவுக்கு 'இடமாற்றம்' செய்யப்பட்டது. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயர் உள்ளே போனது. சிக்னல் வெளியே வரவில்லை. அவ்வளவு அடக்கமான சிக்னலை நான் எங்கும் கண்டதில்லை.

இந்த நேரம் பார்த்து அக்காவுக்கு நேர்காணல் வந்தது. வேலை வெளியூரில்; கேள்விகள் வீடியோவில். படம் நின்றால் வேலை போச்சு. செல்போன் டவரோ எங்கள் தெருவை எப்போதோ கைகழுவிவிட்டது. வெளியூர் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனால் கடமை தவறாதவர். 'சிக்னல் மேம்பாடு' குறித்துக் குடும்பத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

அம்மா எடுத்த எடுப்பில், "அதை வெளிய எடுத்து வெச்சா ஆச்சு. இதுக்கு ஒரு கூட்டமா?" என்றாள். பொருளுக்குப் புறம்பான பேச்சு என்று அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

பிறகு நடந்த 'மேம்பாட்டுப் பணிகள்' பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கவை. பீரோவுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினோம். ஜன்னலைப் பார்த்துத் திருப்பினோம். அதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது, சிக்னல் அசையவில்லை. கடைசியில் அப்பா சிக்னல் பூஸ்டர் ஒன்றை வாங்கிவந்தார். விலை உயர்ந்த சாமான் என்பதால் அதையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அதன்பின் உள்ளே சிக்னல் அபாரம். அப்பாவின் சட்டைகள் விரும்பினால் தங்குதடையின்றிப் படம் பார்க்கலாம்.

நேர்காணல் நாளும் வந்தது. அக்காவின் மடிக்கணினியில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் மனிதர்தானே? விதியைத் தளர்த்தாமல் ஒரு சலுகை வழங்கினார்.

"ரவுட்டர் வெளிய வராது. நீ வேணா உள்ள போய்க்கோ."

கீழ்த்தட்டைக் கழற்றினோம். அக்கா மடிக்கணினியோடு உள்ளே குந்தினாள். தலையில் ஹேங்கர் இடித்தது. வெளிச்சம் வர மட்டும் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, சாவிக்கொத்தோடு அப்பா வாசல் காத்தார். அக்கா பிளந்து கட்டினாள். கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார், பூஸ்டரைப் பெற்றவர்போல.

நேர்காணல் செய்த அம்மையார் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இங்க தனியா வந்து தங்கணும்மா. ரொம்பச் சின்ன ரூம்தான் கிடைக்கும். சமாளிச்சுடுவீங்களா?"

"சமாளிச்சுடுவேன் மேடம்," என்றாள் அக்கா பீரோவுக்குள்ளிருந்து. "எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும், அவ்வளவுதான்."