பணக்கார நாடாக நடித்த சருகுமான்

ஒரு காட்டில் மழை இல்லை. ஆனால் மழையைப் பற்றிய பாடம் இருந்தது.

பாடம் எடுத்தது நாரை டீச்சர். குளம் வற்றி, மீன் பிடிக்க வழியில்லாமல் டீச்சர் வேலைக்கு வந்தவர். எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியதும், "இனிமே புத்தகம் வேண்டாம் பிள்ளைங்களா. பருவநிலை மாற்றம், சாப்பாட்டுப் பிரச்சினை எல்லாத்தையும் வேஷம் போட்டு விளையாடியே கத்துக்கப் போறோம்" என்றார். புத்தகம் வேண்டாம் என்றதும் வகுப்பே கைதட்டியது. எந்த வகுப்பும் தட்டும்.

அதில் மிளகி என்று ஒரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் முயல் அளவுதான் இருக்கும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைத் தின்று பிழைக்கும். மழை இல்லாததால் எந்த மரமும் எதையும் உதிர்க்கவில்லை. மிளகியும் அவள் தம்பியும் நேற்றிலிருந்து பட்டினி. விளையாட்டுக்கு நிஜப் பழம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அன்று அவள் பள்ளிக்கே வந்தாள். படிப்பு ஆசையில் வந்தாள் என்றெல்லாம் பொய் சொல்ல முடியாது.

மேஜையில் தட்டு நிறைய அத்திப்பழம் இருந்தது.

"யாரும் கை வைக்கக் கூடாது. அதுதான் உலகத்தோட மொத்த உணவு" என்றார் டீச்சர். "விளையாட்டு முடிஞ்சதும் தட்டு அப்படியே சீஃப் கெஸ்ட் வீட்டுக்குப் போகணும்."

சீஃப் கெஸ்ட், பெரிய அதிகாரி கரடி. முன்வரிசையில் உட்கார்ந்து உலகத்தின் மொத்த உணவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டுக் குலுக்கினார்கள். காட்டுப்பன்றி மொக்கையனுக்குப் பசித்த விவசாயி வேஷம். மிளகிக்குப் பணக்கார நாடு.

"டீச்சர், இப்பதான் ஒரு கிழங்குத் தோட்டத்தையே முடிச்சுட்டு வர்றேன். பசிக்கிற மாதிரி எப்படி நடிக்கிறது?" என்றான் மொக்கையன்.

"வயித்தைப் புடிச்சுக்கோ. மூஞ்சியைத் தொங்கப் போடு."

"டீச்சர், எனக்கு நிஜமாவே பசிக்குது" என்றாள் மிளகி. "விவசாயி வேஷத்தை நான் போடுறேனே?"

"சீட்டு எடுத்தா எடுத்ததுதான். கார்டுல என்ன போட்டிருக்கோ அதைச் செய். பாதியில வேஷம் கலைச்சா மார்க் கிடையாது."

மிளகி கார்டைப் படித்தாள். 'நீ பணக்கார நாடு. தேவைக்கு மேல் சாப்பிடுவாய். யாராவது கேட்டால் வருத்தம் தெரிவிப்பாய்.'

மிளகி இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு மேஜை மேல் ஏறினாள்.

மொக்கையன் வயிற்றைப் பிடித்தான். "அம்மா தாயே, பயிரெல்லாம் கருகிப் போச்சு. புள்ளைங்க பட்டினி..."

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் மிளகி, வாய் நிறையப் பழத்தோடு. இன்னொன்றை எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க தாயே!"

"இதைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

பாதித் தட்டு காலியானதும் மொக்கையன் நடிப்பை மறந்துவிட்டான். "டீச்சர், இவ எல்லாத்தையும் தின்னுடுறா டீச்சர்!" என்று நிஜமாகவே அழுதான்.

டீச்சர் ஒற்றைக் காலில் தத்தி ஓடிவந்தார். "அடியே, அது சீஃப் கெஸ்டுக்கு! இறங்குடி!"

"வேஷம் கலைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றபடி கடைசிப் பழத்தைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள் மிளகி. "இது மட்டும் அடுத்த தலைமுறைக்கு."

வகுப்பே கரடியைப் பார்த்தது. கரடி எழுந்தார். கைதட்டினார்.

"பிரமாதம்! பெரிய பெரிய மாநாட்டுக்கெல்லாம் போயிருக்கேன். அங்கயும் அப்படியே இதேதான் நடக்கும். முதல் பரிசு இந்தப் பொண்ணுக்கு!"

பழம் போன துக்கத்தில் அவர் குரல் லேசாக உடைந்தது. பிள்ளையின் நடிப்பில் உருகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழுது புரண்ட மொக்கையனுக்கு, நடிப்பு போதாது என்று ஆறுதல் சான்றிதழ்.

முதல் பரிசு ஒரு மரக்கன்று. வேறென்ன கொடுப்பார்கள்? மிளகி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தம்பி முதலில் அத்திப்பழத்தைத் தின்றான். பிறகு மரக்கன்றைத் தின்றான். வேரைக்கூட விடவில்லை.

மறுநாள் டீச்சர் கேட்டார், "கன்னு நல்லா வளருதா மிளகி?"

"தம்பி வளர்றான் டீச்சர்."

நீதி: பசிக்கிறது என்று உண்மையைச் சொன்னால் ஒரு பழமும் கிடைக்காது. பணக்கார நாடு என்று சொல்லிக்கொண்டு தட்டையே காலி செய். எழுந்து நின்று கைதட்டுவார்கள்.