வருணன் நுழையா நகர்

ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் கம்பெனிகளுக்கு லீவு. வருணபாலச் சாமிக்கோ அன்றுதான் டபுள் ஷிஃப்ட். இலவச வேன், இலவச பிரியாணி, கூடவே இலவச அருள் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? வற்றிக் கிடந்த ஏரிக்குள்ளேயே மனை பிரித்துக் கல் நட்டு, 'வருணன் நுழையா நகர்' என்று வளைவும் கட்டிவிட்டார்கள். ஏரியின் பழைய மதகைக்கூட விடவில்லை. பட்டை போட்டு, மாலை சாத்தி, மதகீஸ்வரர் ஆக்கியாயிற்று. தண்ணீர் போகும் கண்ணில் உண்டியல்.

இசக்கிசெல்வி கழுத்துச் செயினைப் பொத்திக்கொண்டு நின்றாள். இருக்கிற ஒரே செயினை அட்வான்ஸாகக் கொடுக்கச் சொல்லிக் கணவன் இசக்கிபாண்டி காலையிலிருந்து நச்சரிக்கிறான். திருநெல்வேலியிலிருந்து வந்து வருடக்கணக்கில் வாடகை அறையில் கிடப்பவனுக்குச் சொந்த வீடு என்றால் தலைகால் புரியவில்லை. அவளுக்கும் ஆசைதான். ஆனால் ஏரிக்குள்ளா?

"இங்க வீடு கட்ட அப்ரூவல் உண்டுமா?" என்று புரோக்கர் லோகேஷிடம் கேட்டாள்.

"சாமியே அப்ரூவல் குட்துட்டாரு, அக்கா. அதுக்கு மேல இன்னா ஆபீஸ் கீது?"

சாமி பித்தளைத் தாம்பாளத்தை விரலால் தடவித் தடவி, இடம் பார்த்து விபூதி வட்டம் போட்டார். நடுவில் வீட்டுக்குப் பதிலாக ஒரு செங்கல் துண்டு. முணுமுணுத்தபடி வட்டத்துக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் வட்டத்தோரம் வந்து நின்றுவிட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியாட்டி? கழத்து செயின," என்றான் பாண்டி.

"கழத்துதேன். முன்ன ஒருக்கா நானும் ஊத்திப் பாக்கேன்."

தாம்பாளத்தை இழுத்து, துப்பட்டாவால் விபூதியைத் துடைத்தாள்.

"பொம்பள கை பட்டா மந்திரம் பூடும்," என்று சாமி பதறினார்.

செல்வி ஊற்றினாள். விபூதியும் இல்லை, மந்திரமும் இல்லை. தண்ணீர் மட்டும் அதே இடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினாள்.

"மெழுகுவத்திய உருக்கி முன்னாடியே வட்டம் போட்டு வச்சிருக்காரு. மோந்து பாருங்க."

சாமி விடவில்லை. மனையைச் சுற்றித் தாம் போட்ட விபூதிக் கோடுதான் உண்மையான காவல் என்று அதற்குள் போய் நின்றார். பிரியாணிப் பந்தியில் கை கழுவ வைத்திருந்த வாளியைச் செல்வி தூக்கி, மேட்டிலிருந்து கவிழ்த்தாள். தண்ணீர் கோட்டைக் கரைத்துக்கொண்டு ஓடியது. சாமி பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த மதகீஸ்வரர் தலைமேலேயே ஏறிவிட்டார். கால் பட்டு மாலை அறுந்தது. அது மறைத்திருந்த இடத்தில் ஏரியின் பழைய நீர்மட்டக் கோடு, ஆள் உயரத்துக்கும் மேலே.

இசக்கிபாண்டி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி செயினை உள்ளே தள்ளிக்கொண்டாள்.

ஒரு வாளித் தண்ணீருக்கே வேட்டியைத் தூக்குகிறவர், ஏரித் தண்ணீரிலிருந்து நம்மைக் காப்பாராம். மதகு இருந்தால் ஏரி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அருள் எதற்கு? கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கையை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தால் போதாதா?