அல்பெர்கேரியா கன்ரனீஸ் நாடக இரசிகர் சங்கத்தின் பொன்னாண்டு

மனித குலம் கண்ட மாபெரும் கலாசார எழுச்சி எது என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாவம், அவர்கள் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் பல்லாரோ சந்தைக்குப் பின்னால், மீன்காரனின் கூச்சல் மூன்றாம் மாடிவரை ஏறிவரும் என் வீட்டு முன்னறையைத்தான் கைகாட்டியிருப்பார்கள். எங்கள் பேட்டையின் பெயரைத் தாங்கிய அல்பெர்கேரியா கன்ரனீஸ் நாடக இரசிகர் சங்கம் அங்கேதான் பிறந்தது. அதன் செயலாளர் அடியேன், ஞானசேகரம்.

சங்கத்தின் தோற்றம் ஒரு வீழ்ச்சியில் நிகழ்ந்தது. எங்கள் தலைவர் மகேந்திரராசா அண்ணர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். தை மாதம் ஈரத் தரையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது, அவருடைய கைத்தொலைபேசி தானாகவே ஒரு ஹொங்கொங் தொடரைக் காட்டியது. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் மாலைக்குள் மூன்று தடவை அழுதிருந்தார். கால் பொருந்தியது. அழுகை நிற்கவில்லை. உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் சங்கம் திங்கட்கிழமைகளில் கூடுவதென்று முடிவானது.

பொருளாளராக மாடிப்படிகள் துடைக்கும் சூசைதாசன் தெரிவானார். சங்கத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. அதைக் காப்பாற்ற நேர்மையான ஒருவர் தேவைப்பட்டார்.

எங்களில் ஒருவருக்கும் ஹொங்கொங்காரரின் மொழியான கன்ரனீஸ் தெரியாது என்று சில விஷமிகள் கதைப்பதுண்டு. திரையின் அடியில் ஆங்கிலம் ஓடும். அதை நான் உடனுக்குடன் தமிழாக்கிச் சொல்வேன். என் ஆங்கிலம் வவுனியாவோடு நின்றுவிட்ட ஆங்கிலம். ஐயம் ஏற்பட்ட இடங்களில் "இப்ப அழவேணும்" என்று மட்டும் அறிவிப்பேன். உறுப்பினர்கள் ஒத்துழைப்பார்கள்.

இந்த ஓராண்டில் நாம் பெற்ற பயன்கள் சொல்லில் அடங்கா. வசந்தத்தில் மருத்துவர் தொடர் ஒன்று பார்த்தோம். அதில் எந்த நோயாளியின் நெஞ்சைத் திறந்தாலும் அவர் மருத்துவருடைய தொலைந்துபோன சகோதரராகவே இருந்தார். கோடையில் பொலிஸ் தொடர். கடத்தல் கும்பலில் உளவு பார்க்கப்போன அதிகாரி, தான் உளவாளி என்பதையே மறந்து கும்பலில் பதவி உயர்வு பெற்றார். எல்லாத் தொடர்களிலும் ஓர் உயர்ந்த பண்பு உண்டு. யாராவது இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால் இன்னொருவர் வந்து, "பசிக்குதா? நூடில்ஸ் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்பார். அந்த வசனம் வந்ததும் தலைவர் எழுந்து நின்றுவிடுவார். அவருடைய மனைவி அம்பிகை நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு வந்து அவருக்கும் எங்களுக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். "பார், பார். இதுதான் மனிசத்தனம்" என்று அவளுக்குத் திரையைக் காட்டுவார்.

எனினும் ஆண்டின் தலைசிறந்த படைப்பு இலையுதிர்காலத்தில் வந்த மாளிகைத் தொடர்தான். பெரும் செல்வந்தக் கிழவர் ஒருவரைப் பணிப்பெண் ஆ லான் வருடக்கணக்காகக் கழுவித் துடைத்து ஊட்டிப் பார்க்கிறாள். கிழவர் கண்ணை மூடுகிறார். பிள்ளைகள் அவளை மழையில் தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள். அந்த ஒரு மழையை ஹொங்கொங்காரர் பல வாரங்களுக்கு நீட்டினார்கள். நாங்களும் நனைந்தோம்.

அந்த வாரங்களில் ஒன்றில்தான் மாக்கிரட் வந்தாள்.

மாக்கிரட் மன்னார்ப் பக்கம். கால்சாப் பேட்டையில் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் சின்யோரா ரொசாலியா என்ற கிழவியுடனேயே தங்கி அவரைப் பார்த்துவந்தாள். என் மனைவி துஷாந்திக்கு அவள் நெருங்கிய சினேகிதி. மாக்கிரட்டுக்கு ஓய்வு கிடைக்கும் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் துஷாந்திதான் அங்கே போய் நிற்பாள். எங்களுக்கும் அந்த வீடு தெரியாததல்ல. ஆடித் திருவிழா பார்க்க ஆசைப்பட்ட சின்யோராவை, லிப்ட் பழுதாகிக் கிடந்ததால், தலைவரும் நானும் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறோம்.

சின்யோரா அதற்கு முந்திய கிழமை இறந்துபோனார். அவருக்காக வைத்த பூசைக்கு மாக்கிரட் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், மிலானோவிலிருந்து வந்த சின்யோராவின் தமையன் மகன் பூட்டை மாற்றிவிட்டார். "நீ இஞ்சை இருக்கேல்லை. இடைக்கிடை வந்து கூட்டினனீ, அவ்வளவுதான்" என்று படியில் வைத்தே சொல்லி அனுப்பிவிட்டார். உடுப்பு, பாஸ்போர்ட், பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரம் எல்லாம் உள்ளே. அதைப் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை பொலிஸ் தலைமையகமான கெஸ்தூராவுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் இந்த நாட்டில் அவள் இல்லாதவள்.

அவள் கதவைத் தட்டியபோது திரையிலும் மழை, வெளியிலும் மழை.

"அண்ணை, ஒரு உதவி," என்றாள்.

"வா தங்கச்சி, இரு இரு. முதல் இதைப் பார்," என்றார் தலைவர். "உன்ரை கதை மாதிரியே போகுது!"

மாக்கிரட் இருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆ லான் மாளிகை வாசலில் விழுந்து புரண்டாள். சூசைதாசன் மூக்கைச் சிந்தினார். நான் தமிழாக்கினேன். விளம்பரம் வந்ததும் தலைவர் ஒலியைக் குறைத்து, "சொல்லு பிள்ளை, கெதியாச் சொல்லு," என்றார்.

"வியாழக்கிழமை தொழிற்சங்கத்து மனிசி பொலிசோடை வந்து வீட்டைத் திறப்பிக்கிறன் எண்டவ. நான் அங்கைதான் இருந்தனான் எண்டு சொல்ல இரண்டு பேர் வேணுமாம். நீங்கள் இரண்டு பேரும் சின்யோராவைத் தூக்கினனீங்கள்தானே அண்ணை. அதைச் சொன்னால் காணும்."

அறையில் ஆழ்ந்த அமைதி நிலவியது. இத்தகைய அமைதியைப் பெரிய அமைப்புகளில் மட்டுமே காணமுடியும்.

"பிள்ளை," என்றார் தலைவர், "நாங்கள் ஒரு கலாசார அமைப்பு. சட்டப் பிரச்சினையிலை தலையிடேலாது. யாப்பிலை இடமில்லை."

"யாப்பு எழுதேல்லையே அண்ணை," என்றார் சூசைதாசன்.

"அதாலைதான் இடமில்லை."

பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தத் தமையன் மகன் தன் முதலாளியின் கடையில் வந்து சாப்பிடுகிற ஆள் என்றார். சூசைதாசன் தான் துடைக்கும் படிகளில் இரண்டு அந்த மாளிகைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். எனக்கு உடனடியாகக் காரணம் எதுவும் அகப்படாததால் நிலத்தைப் பார்த்தேன்.

ஆனால் சங்கம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லமுடியாது. அதே அமர்வில் கண்டனத் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. ஆதரவற்ற பணிப்பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்திய மூத்த மகன் திரு. சுங் அவர்களின் மனிதாபிமானமற்ற செயலை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அவரை உடனடியாகவே நோயில் விழுத்துமாறு ஹொங்கொங் நிலையத்தாரை வேண்டிக்கொள்கிறது. மின்னஞ்சலை நானே அனுப்பினேன். மாக்கிரட்டையும் கை உயர்த்தச் சொன்னோம். அவள் உயர்த்தினாள்.

அப்போது துஷாந்தி வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. மாக்கிரட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"மாக்கிரட் அக்கா, சாப்பிட்டனீங்களோ?"

மாக்கிரட் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நூடில்ஸ்தான் கிடக்கு. போட்டுத் தரட்டே?"

தலைவர் துள்ளி எழுந்தார். "கேட்டனீங்களே! அதே வசனம்! எழுத்துக்கு எழுத்து!" சபை கைதட்டியது. ஓர் உறுப்பினரின் துணைவி நாடக வசனத்தைப் பிசகின்றிச் சொன்னது சங்கத்தின் பணி வீடுவரை சென்றடைந்ததற்குச் சான்று. நானும் பெருமையோடு தட்டினேன். துஷாந்தி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

புதன்கிழமை பின்னேரம் அவள் என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேரப்பா, நாளைக்கு வாறியளோ?"

"நாளைக்குக் கடைசி எப்பிசோட். சங்கம் விசேசமாக் கூடுது, தலைவர் லீவும் எடுத்திட்டார். தமிழிலை சொல்ல ஆள் வேணுமெல்லே?"

"அந்த மனிசியைக் கதிரையோடை சுமந்த ஆள் நீங்கள்."

"ஓம். ஆனால் நான் பின்கால் பக்கம். முகத்தைச் சரியாக் காணேல்லை."

அவள் தன் வேலைவீட்டுக்குத் தொலைபேசி எடுத்து நாளைக்கு வரமுடியாது என்றாள். மறுமுனையில் அந்த வீட்டு எசமானி கத்தியது எனக்கும் கேட்டது. துஷாந்தி இரண்டு தடவை "சி, சின்யோரா" என்று ஆமாம் போட்டாள். மூன்றாம் தடவை, "இல்லை சின்யோரா, வரமாட்டன்," என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆ லானுக்கு நீதி கிடைத்தது. திரு. சுங் எங்கள் வேண்டுகோளின்படியே நோயில் விழுந்தார். எல்லாரும் ஒன்றுகூடி முற்றத்தில் இறைச்சி வாட்டிச் சாப்பிட்டார்கள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. துஷாந்தியும் மாக்கிரட்டும் கறுப்புக் குப்பைப் பைகளை இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில், திரைக்கு நேர் முன்னால் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் மாக்கிரட் படுத்தாள். சங்கம் ஒரே நாளில் வீடற்றதாயிற்று. "ஆ லானுக்கு நடந்தது எங்களுக்கும் நடந்திட்டுது" என்று தலைவர் தழுதழுத்தார்.

ஆனாலும் சங்கம் தளரவில்லை. மார்கழியில் தலைவர் வீட்டில் ஆண்டு மீளாய்வு விழா எடுத்தோம். ஹொங்கொங்குக்கும் பலெர்மோவுக்கும் உறவுப்பாலம் அமைக்கும் நோக்கில் சீனர் ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைத்தோம். கால்சாவின் ஓரத்தில் குடை, செருப்பு, பயணப்பெட்டி விற்கும் லீனா. கடைக்காக வைத்துக்கொண்ட இத்தாலியப் பெயர் அது. அவரும் துஷாந்தியும் வாசலில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டது எங்களுக்குப் புதிராக இருந்தது. மாக்கிரட்டும் வந்திருந்தாள்.

பொன்னாடை போர்த்தினோம். கன்ரனீஸ் நாடகக் கலையின் மேன்மை குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு கேட்டோம். லீனா சந்தைக்காரரின் இத்தாலியனில் பேசினார். நான் தமிழாக்கினேன்.

"எனக்குக் கன்ரனீஸ் தெரியாது. நான் வேறை மாகாணம். ஹொங்கொங்காரர் கதைக்கிறது எனக்கும் உங்களை மாதிரித்தான், விளங்காது. நான் துருக்கி நாடகம் பாக்கிறனான்."

சபை அதிர்ந்தது. தலைவர் நிலைமையைச் சமாளித்தார். "பரவாயில்லை. வேறை ஏதும் சொல்லச் சொல்லு."

லீனா யோசித்தார். பிறகு துஷாந்தியைக் காட்டி, அந்த வியாழக்கிழமையைச் சொன்னார்.

மாளிகை வாசலில் துஷாந்தி ஒருத்தி மட்டும் சாட்சிக்கு நிற்பதை, அதன் கீழ்த்தளத்தில் இருக்கும் தன் கடைக்குள் இருந்தே அவர் கண்டார். இன்னொரு ஆள் வேண்டும் என்று பொலிஸ்காரன் சொன்னதும் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு மேலே ஏறினார். தமையன் மகன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு, "இவளை இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் கண்டதில்லை" என்றார்.

"நான் சொன்னன், ஒவ்வொரு நாள் காலமையும் இவள் மேலையிருந்து பாயை உதறுவாள், ஊத்தை முழுக்க என்ரை குடையளிலை விழும், இரண்டு வருசமா நான் இவளோடை சண்டை. இவள் இஞ்சை இருக்கேல்லை எண்டால் நான் ஆரோடை சண்டை பிடிச்சனான்?"

பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். கதவு திறந்தது. மாக்கிரட்டின் உடைமைகள் குப்பைக்குப் போகத் தயாராகப் பைகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவள் படியில் குந்தியிருந்து ஒவ்வொரு பையாகக் கொட்டித் தேடினாள். பெர்மெஸோ கடைசிப் பையில், பழைய மருந்துகளுக்கு அடியில் கிடந்தது. எழுந்து, சின்யோராவின் கட்டிலை ஒருதரம் விரித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அந்த மனிதர் வேண்டாம் என்றார். அவள் படியிறங்கும்வரை அழவில்லை. தெருவுக்கு வந்து, லீனாவின் குடைகளுக்கு நடுவில் நின்றுதான் அழுதாள்.

அதைத் தமிழாக்கும்போது எங்கே அழவேண்டும் என்று இம்முறை நான் அறிவிக்கவில்லை. தலைவர் ஏற்கெனவே தேம்பிக்கொண்டிருந்தார். சூசைதாசன் பொன்னாடை சுற்றிவந்த கடதாசியில் கண்ணைத் துடைத்தார். மாக்கிரட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கதை! என்ன கதை!" என்றார் தலைவர். "இதை ஹொங்கொங்காரர் எடுக்கவேணும். இருபது எப்பிசோட் போகும். நான் ஒண்டும் விடாமல் பாப்பன்."

"மாக்கிரட்டுக்கு ஒரு நல்ல நடிகை," என்றார் சூசைதாசன்.

"லீனாவுக்கு லீனாவேதான்," என்றேன் நான்.

தலைவர் கண்ணைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "அதுசரி, எங்களுக்கு ஆரைப் போடுவினம்?"

துஷாந்தி மேசையில் இருந்த வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அதிலை பாத்திரம் இல்லை அண்ணை," என்றாள். "நீங்கள் பாத்துக்கொண்டிருந்த ஆக்கள்."

ஓர் இரசிகர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாராட்டுரை உலகில் எங்கும் வழங்கப்பட்டிருக்க முடியாது. ஏனோ ஒருவரும் கைதட்டவில்லை.