அறுபது எலிகளும் ஒரு மாமனாரும்

'ஜூலை 15, செவ்வாய். எனக்குப் பார்த்திருக்கும் பெண் ஹர்ஷினியின் அப்பா வேங்கடாசலம் லேபுக்கே வந்து என்னைப் பார்ப்பாராம். அம்மா போனில் சொன்னாள். என்றைக்கு என்று கேட்காமல் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். சின்னத் தப்புதான். நாளையிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட சட்டை.'

மாலை வகுப்பில் புள்ளியியல் வாத்தியார் வருவதற்குள் சாய்குமார் இதை டைரியில் எழுதி முடித்தான்.

மறுநாள் காலை, திருப்பதியில் அவன் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தடித்த பை. நுழைந்ததும் நுழையாததுமாக மூலைமுடுக்கெல்லாம் குனிந்து பார்த்தார்.

பெண் கொடுப்பவர் பின்னே எப்படிப் பார்ப்பார்? சாய்குமார் இஸ்திரிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். ஹர்ஷினியோடு ஒரே ஒரு முறைதான் போனில் பேசியிருந்தான். எக்ஸோசோம் என்றால் என்ன என்று அவளாகவே கேட்டு, கொட்டாவி விடாமல் கடைசிவரை காது கொடுத்தவள். அப்படி ஒருத்தி இனிக் கிடைப்பாளா?

"வாங்க மாமா, உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டும்பா. எலி ரொம்பத் தொல்லையோ?"

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. எலிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கா மகளைக் கொடுப்பது என்று கவலைப்படுகிறார்.

"தொல்லையே இல்ல மாமா. அறுபதும் தங்கம்."

"அறுபதா! சாவறதே இல்லியா?"

இரக்க குணம்! சாய்குமார் நெகிழ்ந்துபோனான்.

"சாவ வுட்டுடுவமா? கண்ணும் கருத்துமா காப்பாத்திக்கினு இருக்கோம்."

பெரியவரின் முகம் சுருங்கியது. பாகாலா பக்கத்து நெல் விவசாயி ஆயிற்றே, எலியைக் கண்டால் ஆகாதுதான். விஷயத்தை விளக்கினால் தெளிந்துவிடுவார் என்று ஆரம்பித்தான்.

"ரத்தத்துல கிருமி பூந்துட்டா, அதை அடிக்கறேன்னு உடம்பு பதறிப்போயி, தன்னோட ஈரல், கிட்னியையே அடிச்சிக்கும். அதான் செப்சிஸ். ஸ்டெம் செல்லு இருக்குதே மாமா, அது கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் பை அனுப்பும். அதான் எக்ஸோசோம். 'போதும், அடங்கு'ன்னு உள்ள சேதி இருக்கும். அதை ஊசியில ஏத்தி, செப்சிஸ் வந்த எலிக்குப் போட்டா..."

"சாவுமா?"

"பொழைக்கும்!"

"மருந்து குடுத்தா பொழைக்குதா?"

"ஆமா மாமா. குடுக்காத எலிதான் நெறைய சாவுது."

"தேவுடா! இன்னாபா இது, எல்லாம் தலைகீழா இருக்குது!"

கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று எலி அறையின் கண்ணாடி ஜன்னலுக்குக் கூட்டிப்போனான். கூண்டுக்குள் வெள்ளை எலிகள் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன.

"தீனி வேற போடறியா?"

"வேளாவேளைக்கு. சுத்தமான தண்ணி. நாள் பூரா ஏசி."

"எங்கூட்ல ஃபேனே தட்டினாதான் சுத்துது. இதுங்க துன்னுட்டு ஏசியில படுத்துக்கினு இருக்குதுங்க!"

அளவுக்கு மீறிப் பெருமையடித்துவிட்டோமோ? சாய்குமார் உண்மையைச் சொல்லிச் சரிக்கட்டப் பார்த்தான்.

"பெருசா நெனச்சுக்காதீங்க மாமா. மனுசங்களுக்கு நாங்க இன்னும் குடுக்கல. எலிக்கு ஆவறது மனுசனுக்கும் ஆவும்னு உறுதி கிடையாது."

"அப்ப இத்தினி சீராட்டும் எலிக்கு மட்டும்தானா?"

"இப்போதைக்கு..."

பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, நீ நல்ல புள்ளதான். மாமா மாமான்னு வாய் நெறைய கூப்புடற. ஆனா இங்க எனக்கு வேலையே இல்லபா."

அவருக்காக வரவழைத்த காபியைக்கூடத் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

சாய்குமார் நாற்காலியில் சரிந்தான். எந்த இடத்தில் தவறினோம்? ஏசியிலா? இல்லை, 'உறுதி கிடையாது' என்றதிலா? அம்மாவிடம் எதை முதலில் சொல்வது? ஹர்ஷினியிடம் சொல்ல வாய்ப்பே இருக்காது.

வாட்ச்மேன் துலுக்காணம் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தார்.

"இன்னா சார், குடோன்ல எலி மருந்து வைக்க வந்த ஆளை ஒரு பொட்டலம்கூட வைக்க வுடாம அனுப்பிட்டீங்க? உங்கம்மா வாசல் கேட்டு போனுக்குக் கூப்ட்டாங்க, பொண்ணோட நைனா நாளைக்குக் காலைல பாகாலா ரயில்ல வராராம், நீங்க ஸ்டேஷனுக்குப் போயி கூட்டினு வரணுமாம்."